விலையுயர்ந்த லென்ஸ், வேறு கமரா: எது பொருந்தும், எது பொருந்தாது?

எமது பிள்ளைகளில் பலர் இன்று திருமணம், பூப்புனித நீராட்டு விழா, அரங்கேற்றம் என்று வார இறுதிகளில் கமராவும் கையுமாக ஓடித் திரிகிறார்கள். சிலருக்கு அது பொழுதுபோக்கு. சிலருக்கு இரண்டாவது வருமானம். முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். கமராவுக்குப் போட்ட பணத்தைவிட லென்ஸ்களுக்குப் போட்ட பணம்தான் பெரும்பாலான வீடுகளில் அதிகம். சில ஆண்டுகளில் கமரா பழையதாகி, வேறு நிறுவனத்தின் கமராவை வாங்க மனம் வருகிறது. அப்போதுதான் கேள்வி எழுகிறது: கையில் உள்ள லென்ஸ் இதற்குப் பொருந்துமா?

"அடப்டர் ஒன்று போட்டால் சரி" என்பது கடைகளில் கிடைக்கும் வழக்கமான பதில். சில லென்ஸ்களுக்கு அது முழு உண்மை. சிலவற்றுக்கு அரை உண்மை. இன்னும் சிலவற்றுக்கு எந்த அடப்டரும் உதவாது. இந்த மூன்றில் எது என்பதைப் பணம் கொடுக்க முன்னரே நாம் கண்டுபிடித்துவிடலாம். அதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு கழித்தல் கணக்கும் நான்கைந்து கேள்விகளும் போதும்.

முதலில் பார்க்க வேண்டிய ஒரே எண்

லென்ஸ் கமராவில் வந்து பூட்டிக்கொள்ளும் உலோக வளையத்தை மவுண்ட் என்கிறோம். அந்த வளையத்தின் முகத்தில் இருந்து உள்ளே இருக்கும் சென்சர் வரைக்கும் ஒரு குறிப்பிட்ட தூரம் உண்டு. இந்தக் கட்டுரையில் அதை மவுண்ட் தூரம் என்று அழைப்போம். ஒவ்வொரு நிறுவனமும் தன் கமராக்களுக்கு இந்தத் தூரத்தை நிரந்தரமாக வகுத்து வைத்திருக்கிறது. லென்சும் அந்தத் தூரத்தில் படம் விழும் வகையிலேயே செய்யப்படுகிறது.

லென்ஸ் தனக்குரிய தூரத்தைவிடத் தள்ளி அமர்ந்தால், கிட்ட இருக்கும் பொருள் தெளிவாகத் தெரியும், தூரத்தில் இருப்பது தெளியாது. மண்டபத்தின் மறுமுனையில் இருக்கும் மேடையை அந்த லென்ஸால் கூர்மையாக எடுக்க முடியாது. ஆகவே விதி சுலபமானது. லென்சின் மவுண்ட் தூரம் கமராவின் மவுண்ட் தூரத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அப்படியிருந்தால் மிச்சத் தூரத்தை ஒரு வெறும் உலோகக் குழாயால் நிரப்பிவிடலாம். அந்தக் குழாய்தான் அடப்டர். மறுபக்கமாக, கமராவின் தூரம் பெரிதாக இருந்தால் நிரப்புவதற்கு எதுவும் இல்லை. லென்ஸைக் கமராவின் உள்ளே தள்ளி வைக்க முடியாது.

பரவலாகப் புழங்கும் மவுண்ட்களின் தூரங்கள் இவை:

ஹசல்பிளாட் வி: 74.9 மி.மீ.
பிஎல் (சினிமா லென்ஸ்கள்): 52 மி.மீ.
லைக்கா ஆர்: 47 மி.மீ.
நிக்கொன் எஃப்: 46.5 மி.மீ.
ஒலிம்பஸ் ஓஎம்: 46 மி.மீ.
கொன்ராக்ஸ்-யஷிக்கா: 45.5 மி.மீ.
பென்ராக்ஸ் கே, மற்றும் எம்42 திருகு மவுண்ட்: 45.46 மி.மீ.
மினோல்டா ஏ, சோனி ஏ: 44.5 மி.மீ.
கெனன் ஈஎஃப்: 44 மி.மீ.
கெனன் எஃப்டி: 42 மி.மீ.
லைக்கா எம்: 27.8 மி.மீ.
கெனன் ஆர்எஃப்: 20 மி.மீ.
லைக்கா, பனசொனிக், சிக்மா சேர்ந்து பாவிக்கும் எல்: 20 மி.மீ.
சோனி ஈ: 18 மி.மீ.
கெனன் ஈஎஃப்-எம்: 18 மி.மீ.
புஜிபிலிம் எக்ஸ்: 17.7 மி.மீ.
நிக்கொன் இசட்: 16 மி.மீ.

பட்டியலில் மேலே இருக்கும் லென்ஸ் கீழே இருக்கும் கமராவுக்குப் போகலாம். கீழே இருக்கும் லென்ஸ் மேலே ஏறாது. மேல் பகுதியில் இருப்பவை பெரும்பாலும் உள்ளே ஆடி கொண்ட பழைய கமராக்களுக்கு உரியவை. ஆடி எழுந்து விழ இடம் தேவைப்பட்டதால் அவற்றின் தூரம் 40 மி.மீ.க்கு மேல் இருந்தது. மிரர்லெஸ் கமராக்களில் ஆடி இல்லை. அதனால் தூரம் 20 மி.மீ. அளவுக்குக் குறைந்தது. இந்த ஒரு மாற்றத்தால்தான் பழைய லென்ஸ்களுக்கு இன்று மறுவாழ்வு கிடைத்திருக்கிறது.

நிக்கொன் 2018இல் இசட் கமராக்களோடு வெளியிட்ட எஃப்டிஇசட் அடப்டரை எடுத்துக்கொள்வோம். 46.5இல் 16ஐக் கழித்தால் 30.5. அந்த அடப்டர் லென்சைத் தள்ளி வைக்கும் தூரம் சரியாக அதுவே. அதே ஆண்டில் கெனன் வெளியிட்ட ஈஎஃப்-ஆர்எஃப் அடப்டரில் 44 கழித்தல் 20, அதாவது 24 மி.மீ.

கதவு மூடிக்கொண்ட சந்தர்ப்பங்களும் உண்டு. கெனன் 1987இல் எஃப்டி மவுண்டைக் கைவிட்டு ஈஎஃப்புக்கு மாறியது. எஃப்டி 42, ஈஎஃப் 44. வெறும் 2 மி.மீ. குறைவு. ஆனால் அந்த 2 மி.மீ.தான் எஃப்டி லென்ஸ்களை வைத்திருந்தவர்களைப் புதிய கமராவுக்கு வெளியே நிறுத்தியது. விலையுயர்ந்த சில தொலைதூர லென்ஸ்களுக்காக உள்ளே கண்ணாடி வைத்த ஒரு மாற்றியைக் கெனன் செய்தது. அது படத்தை 1.26 மடங்கு பெருப்பித்தது. மற்ற எஃப்டி லென்ஸ்கள் அலுமாரிக்குப் போயின. இன்று அதே லென்ஸ்கள் மிரர்லெஸ் கமராக்களில் எந்தத் தடையுமின்றி வேலை செய்கின்றன, 42 இந்தக் கமராக்களின் எல்லா எண்ணையும்விடப் பெரிது என்பதால்.

இதே கதை கெனனின் ஈஎஃப்-எம் வரிசையில் மீண்டும் நடந்தது. அந்த லென்ஸ்களின் தூரம் 18, ஆர்எஃப் கமராவின் தூரம் 20. எனவே ஈஎஃப்-எம் கமரா வைத்திருந்த வீடுகள் ஆர்எஃப்புக்கு மாறும்போது அந்த லென்ஸ்களை விற்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஒரே நிறுவனத்தின் பெயர் இரண்டிலும் இருப்பதால் பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது.

பூட்டிக்கொண்டால் போதுமா?

தூரம் சரிவந்தால் லென்ஸ் கமராவில் அமரும், படம் தெளியும். ஆனால் லென்சுக்கு உள்ளே இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். ஒன்று, ஒளி புகும் துவாரமான அபேர்ச்சரைத் திறந்து மூடுவது. மற்றது, போக்கஸ் செய்வது. இவற்றை யார், எப்படி இயக்குகிறார்கள் என்பதில்தான் அரை உண்மைகள் ஒளிந்திருக்கின்றன.

பழைய லென்ஸ்களில் அபேர்ச்சருக்கென்று ஒரு வளையம் இருக்கும். கையால் திருப்பலாம். இவற்றுக்கு மலிவான வெறும் உலோக அடப்டரே போதும்.

நிக்கொனின் ஜி வகை லென்ஸ்களில் அந்த வளையம் இல்லை. கமராவில் உள்ள ஒரு சிறு நெம்புகோல் அதை இயக்கும். வெறும் அடப்டரில் பூட்டினால் துவாரம் ஆகச் சிறியதாக மூடிக்கொள்ளும். ஜி லென்ஸ்களுக்கென்று தனி வளையம் வைத்த அடப்டர் வாங்க வேண்டும்.

கெனன் ஈஎஃப் லென்ஸ்களில் எல்லாமே மின்சாரம். மின் தொடர்பு இல்லாத அடப்டரில் துவாரம் பெரும்பாலும் முழுதாகத் திறந்தபடியே நிற்கும், மாற்ற முடியாது. 85 மி.மீ. 1.2 அபேர்ச்சர் கொண்ட கெனனின் புகழ்பெற்ற உருவப்பட லென்சில் இன்னொரு சங்கதியும் உண்டு. அதன் போக்கஸ் வளையம்கூட மின்சாரத்தால்தான் இயங்குகிறது. கமராவிலிருந்து மின் வராவிட்டால் வளையத்தைச் சுற்றினாலும் போக்கஸ் நகராது. இப்படிப்பட்ட லென்சுக்கு இருபது யூரோ அடப்டர் வாங்குவதில் பயனில்லை. மின் தொடர்புள்ள நல்ல அடப்டர் வேண்டும்.

நிக்கொனின் பழைய ஓட்டோபோக்கஸ் லென்ஸ்களில், குறிப்பாக டி வகையில், பலவற்றுக்குள் மோட்டர் இல்லை. கமராவுக்குள் இருக்கும் மோட்டர் ஒரு திருகாணி மூலம் லென்சைச் சுழற்றும். எஃப்டிஇசட் அடப்டரிலோ அந்த மோட்டர் கிடையாது, 2021இல் வந்த இரண்டாவது பதிப்பிலும் இல்லை. ஆகவே டி வகை லென்ஸ் இசட் கமராவில் பூட்டும், ஒளியை அளக்கும், படம் எடுக்கும். போக்கஸ் மட்டும் கையால்தான். மோட்டர் உள்ள ஏஎஃப்-எஸ் வகையாக இருந்தால் ஓட்டோபோக்கஸ் வேலை செய்யும். விற்பனை விளம்பரத்தில் "இசட் கமராவுக்குப் பொருந்தும்" என்று இரண்டுக்குமே எழுதியிருப்பார்கள். இரண்டும் பொய்யல்ல. ஆனால் ஓடியாடும் குழந்தையைப் படம் எடுக்கும் ஒருவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

நிக்கொன் எஃப் மவுண்ட் 1959இல் இருந்து வடிவம் மாறாமல் வருகிறது என்பதும் உண்மை. ஆனால் 1977க்கு முந்திய, மாற்றம் செய்யப்படாத லென்ஸ்களைப் பிற்காலத்து எஃப் கமராக்கள் பலவற்றில் பலவந்தமாகப் பூட்டினால், அபேர்ச்சர் வளையத்தின் விளிம்பு கமராவில் உள்ள சிறு நாக்கை உடைத்துவிடக்கூடும். பழைய லென்ஸ் கிடைத்தவுடன் ஆசையில் பூட்டிப் பார்க்காமல் முதலில் அதன் வகையை அறிந்துகொள்வது நல்லது.

ஒரே கண்ணாடி, இரண்டு எதிர்காலம்

சைஸ் நிறுவனம் 2013இல் ஓட்டஸ் 55 மி.மீ. லென்சை வெளியிட்டது. அபேர்ச்சர் 1.4, கையால் போக்கஸ் செய்யும் லென்ஸ், அன்றைய விலை ஏறக்குறைய 4,000 அமெரிக்க டொலர். அது இரண்டு மவுண்ட்களில் வந்தது. கெனன் ஈஎஃப் கமராக்களுக்கு இசட்ஈ, நிக்கொன் எஃப் கமராக்களுக்கு இசட்எஃப்.2. உள்ளே இருக்கும் கண்ணாடி ஒன்றே. விலையும் ஒன்றே.

ஆனால் நிக்கொன் பதிப்பில் அபேர்ச்சர் வளையம் உண்டு. கெனன் பதிப்பில் இல்லை. நிக்கொன் பதிப்பின் தூரம் 46.5, கெனனுடையது 44. இதனால் நிக்கொன் பதிப்பை வாங்கியவர், 2.5 மி.மீ. அடப்டரோடு கெனன் ஈஎஃப் கமராவிலும் பாவிக்கலாம். சோனி, கெனன் ஆர்எஃப், எல், நிக்கொன் இசட் எதற்குப் போனாலும் மலிவான வெறும் அடப்டர் போதும். கெனன் பதிப்பை வாங்கியவர் நிக்கொன் எஃப் கமராவுக்குப் போகவே முடியாது. மற்றவற்றுக்குப் போகலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் மின் தொடர்புள்ள அடப்டர் வேண்டும்.

இந்த ஒரு உதாரணத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. கையால் போக்கஸ் செய்யும் உயர்தர லென்ஸ் வாங்கும்போது, ஒரே லென்ஸ் பல மவுண்ட்களில் கிடைத்தால், தூரம் பெரியதும் அபேர்ச்சர் வளையம் உள்ளதுமான பதிப்பே நீண்ட நாள் துணை. சைஸ் 2025இல் மிரர்லெஸ் கமராக்களுக்கென்று புதிய ஓட்டஸ் வரிசையைத் தொடங்கியிருக்கிறது. அவை சோனி ஈ, கெனன் ஆர்எஃப், நிக்கொன் இசட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வருகின்றன. அவற்றில் முன்னைய சுதந்திரம் இல்லை, ஏனென்றால் 16, 18, 20 என்ற எண்களுக்கிடையே அடப்டருக்கு இடமே போதாது.

ஆனாலும் சோனி ஈ லென்சை நிக்கொன் இசட் கமராவில் போடும் அடப்டர்கள் சந்தையில் உள்ளன. இடைவெளி 2 மி.மீ. மட்டும். அதற்குள் மின் தொடர்பையும் அடக்கியிருக்கிறார்கள். மறுதிசையில், இசட் லென்ஸ் சோனிக்கு வராது.

படம் விழும் வட்டம்

லென்ஸ் சென்சரின் மேல் ஒரு வட்டமான படத்தை விழுத்துகிறது. அந்த வட்டம் சென்சரை மூடும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். முழுச் சட்டகச் சென்சர் 36க்கு 24 மி.மீ. அதன் மூலைவிட்டம் 43.3 மி.மீ. ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சருக்கென்று செய்த லென்சைப் பெரிய சென்சரில் போட்டால் மூலைகள் கறுத்துவிடும். பல கமராக்கள் இதைக் கண்டுபிடித்துப் படத்தைத் தாமாகவே வெட்டிவிடும். வெட்டினால் 45 மெகாபிக்சல் ஏறக்குறைய 20 ஆகிறது. பெரிய சென்சருக்கு அதிகப் பணம் கொடுத்த காரணமே அங்கு போய்விடுகிறது.

கட்டடம், கோயில் கோபுரம் எடுப்பவர்கள் விரும்பும் டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ்கள் இந்த வட்டத்தை வைத்துத்தான் வித்தை காட்டுகின்றன. கெனன் 2009இல் வெளியிட்ட 24 மி.மீ. டில்ட்-ஷிஃப்ட் லென்சின் பட வட்டம் 67.2 மி.மீ. தேவையைவிடப் பெரிதான அந்த வட்டத்துக்குள் லென்சை 12 மி.மீ. மேலும் கீழும் நகர்த்தலாம். கமராவை அண்ணாந்து பிடிக்காமலே கோபுரத்தின் உச்சி படத்துக்குள் வந்துவிடும். கோபுரம் பின்னால் சாய்வதுபோல் தெரியாது. இந்த லென்சுக்கு ஓட்டோபோக்கஸ் ஆரம்பத்திலேயே கிடையாது. ஆகவே அடப்டரில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. கெனனின் சொந்த அடப்டரில் ஆர்எஃப் கமராவில் முழுமையாக வேலை செய்யும். சோனியிலும் நிக்கொன் இசட்டிலும் மின் தொடர்புள்ள அடப்டர் தேவை. ஏபிஎஸ்-சி கமராவில் போட்டால் மட்டும் 24 மி.மீ.யின் பார்வை 36 அல்லது 38 மி.மீ. அளவுக்கு ஒடுங்கிவிடும். கோபுரத்துக்கு அருகில் நின்று எடுக்கும் நோக்கம் கெட்டுவிடும்.

திருமண வீடியோ எடுக்கும் இளைஞர்கள் சிலர் பிஎல் மவுண்ட் சினிமா லென்ஸ்களை வாடகைக்கு எடுக்கிறார்கள். 52 மி.மீ. தூரம் என்பதால் எல்லா மிரர்லெஸ் கமராவுக்கும் அடப்டர் உண்டு. ஆனால் அந்த லென்ஸ்களில் பல, சூப்பர் 35 எனப்படும் சினிமாச் சட்டகத்துக்குச் செய்யப்பட்டவை. அதன் மூலைவிட்டம் ஏறக்குறைய 31 மி.மீ. முழுச் சட்டகக் கமராவில் மூலைகள் கறுக்கும். வாடகைக்கு எடுக்க முன்னர் "முழுச் சட்டகத்தை மூடுமா?" என்று கேட்டே ஆக வேண்டும்.

எதிர்த்திசையில் ஒரு நன்மையும் உண்டு. முழுச் சட்டக லென்சைச் சிறிய சென்சர் கமராவில் போடும்போது, பட வட்டத்தைச் சுருக்கும் கண்ணாடி வைத்த அடப்டர்கள் கிடைக்கின்றன. 0.71 மடங்கு சுருக்கும் அடப்டர் பார்வையை விரிப்பதோடு, ஒளியையும் ஒரு படி கூட்டித் தரும். மங்கிய வெளிச்சத்தில் நடக்கும் மேடை நிகழ்ச்சிக்கு இது பெரிய உதவி.

லைக்கா எம்: தனிக் கவனம் வேண்டிய இடம்

லைக்கா எம் லென்ஸ்கள் 1954இல் இருந்து வருகின்றன. சிறியவை, முழு உலோகம், கையால் போக்கஸ், அபேர்ச்சர் வளையம் உண்டு. 27.8 மி.மீ. என்பதால் எல்லா மிரர்லெஸ் கமராவிலும் பூட்டலாம், ஆடி உள்ள கமரா எதிலும் பூட்ட முடியாது. 0.95 அபேர்ச்சர் கொண்ட 50 மி.மீ. நொக்டிலக்ஸ் போன்றவை பத்தாயிரம் யூரோவைத் தாண்டுபவை.

பொருந்தும் என்றாலும், அகலக் கோண எம் லென்ஸ்களில் ஒரு சிக்கல் உண்டு. இவற்றின் பின்கண்ணாடி சென்சருக்கு மிகக் கிட்ட இருப்பதால், ஓரங்களுக்கு ஒளி சரிவாகப் போய் விழுகிறது. எல்லாச் சென்சர்களின் மேலும் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி உண்டு. லைக்கா எம் கமராக்களில் அது மிக மெல்லியது. சோனி ஏ7 வரிசையில் அதைவிடத் தடிப்பு. சரிவாக வரும் ஒளி தடித்த கண்ணாடிக்குள் திசைமாறி, ஓரங்கள் குழம்பித் தெரியும். 28 மி.மீ.க்குக் குறைந்த பழைய வடிவமைப்புகளில் இது கூடுதலாகத் தெரியும். 50 மி.மீ.யும் அதற்கு மேலும் பொதுவாகச் சிக்கல் இல்லை. ஆகவே விலையுயர்ந்த அகலக் கோண எம் லென்சை வேறு நிறுவனத்தின் கமராவுக்காக வாங்குவதென்றால், அதே கமராவில் எடுத்த படத்தின் மூலைகளைப் பார்த்த பின்னரே வாங்க வேண்டும்.

அடப்டரிலும் தரம் உண்டு

மலிவான அடப்டர்கள் பலவற்றை வேண்டுமென்றே சற்றுக் கட்டையாகச் செய்கிறார்கள். அப்போதுதான் எந்த லென்ஸ் வந்தாலும் தூரப் பொருள் நிச்சயம் தெளியும். அதன் விளைவாக லென்சில் முடிவிலி என்று குறித்த இடத்துக்கு முன்பே தூரம் தெளிந்துவிடும். சாதாரண லென்சுக்கு இது சிறு தொல்லை. ஆனால் போக்கஸ் செய்யும்போது உள்ளே கண்ணாடிகள் தனித்தனியாக நகரும் உயர்தர லென்ஸ்களில், இது படத்தின் தரத்தையே குறைக்கும். நாலாயிரம் டொலர் லென்சை நாற்பது டொலர் அடப்டரில் மாட்டிவிட்டு "லென்ஸ் சரியில்லை" என்று சொல்வது நியாயமில்லை.

லென்ஸ் பாரமாக இருந்தால் அடப்டரைத் தாங்க விடாமல், லென்சின் சொந்தக் காலில் முக்காலியைப் பூட்ட வேண்டும். மின் தொடர்புள்ள அடப்டர்களை வேறு நிறுவனங்கள் செய்யும்போது, அவை கமராவின் மொழியை ஊகித்தே பேசுகின்றன. கமராவின் மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் அடப்டர் ஊமையாகலாம். முக்கியமான நிகழ்ச்சிக்கு முதல்நாள் எதையும் புதுப்பிக்காமல் இருப்பதே புத்தி.

ஊரிலிருந்து வந்த லென்ஸ்கள்

சில வீடுகளில் அப்பாவின், மாமாவின் பழைய கமராவும் லென்சும் எப்படியோ கடல் தாண்டி வந்து சேர்ந்திருக்கின்றன. ஆல்பங்களை விட்டுவிட்டு ஓடி வந்த எமக்கு, அந்த ஆல்பங்களின் படங்களை எடுத்த லென்ஸ் கையில் இருப்பது சின்ன விடயமல்ல. அதன் தூரம் பட்டியலில் மேல் பகுதியில் இருந்தால் இன்றைய கமராவில் அதைத் தாராளமாகப் பாவிக்கலாம். பிள்ளையின் கமராவில் பேரனாரின் லென்ஸ் வேலை செய்வதற்கு அதிகம் செலவாகாது.

ஆனால் எமது ஊரின் ஈரப்பதத்தில், தோல் உறைக்குள் மூடி வைத்த லென்ஸ்களில் பூஞ்சணம் பிடிப்பது வழக்கம். கைபேசியின் வெளிச்சத்தை லென்சின் பின்பக்கமிருந்து பாய்ச்சி முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். நாள்பட்டால் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். விரைவில் சுத்தம் செய்விப்பது நல்லது. மற்ற லென்ஸ்களோடு ஒன்றாக வைக்காமல், உலர்ந்த இடத்தில் தனியாக வையுங்கள்.

கணக்குப் பார்த்தால்

தொழில் செய்பவருக்கும் பொழுதுபோக்காகச் செய்பவருக்கும் விடை வேறு. ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். பாவித்த பழைய லென்ஸ் 1,500 யூரோ, அடப்டர் 250. ஐந்து ஆண்டுகளில் இரண்டையும் 1,100க்கு விற்றால் செலவு 650, அதாவது ஆண்டுக்கு 130. கமராவுக்கே உரிய புதிய லென்ஸ் 2,600. ஐந்து ஆண்டுகளில் 1,400க்கு விற்றால் செலவு 1,200, ஆண்டுக்கு 240. வித்தியாசம் ஆண்டுக்கு 110 யூரோ.

ஆண்டுக்குப் பன்னிரண்டு நிகழ்ச்சிகள் எடுப்பவருக்கு, அது ஒரு நிகழ்ச்சிக்குப் பத்து யூரோவிலும் குறைவு. தாலி கட்டும் கணம் இரண்டாவது முறை வராது. அந்த ஒரு கணத்தில் போக்கஸ் தடுமாறாமல் இருக்கப் பத்து யூரோ மலிவு. ஆகவே கூலிக்குப் படம் எடுப்பவர் தன் பிரதான லென்சை அடப்டர் இல்லாமல் வாங்குவதே சரி. பொழுதுபோக்காகவோ, கட்டடம், உருவப்படம், பொருட்கள் என்று ஆறுதலாகவோ எடுப்பவருக்கு, அடப்டரோடு பழைய உயர்தர லென்ஸ் என்பது நல்ல முதலீடு.

கமரா உடல் கணினியைப்போல விலை இறங்கும். நல்ல லென்ஸ் அவ்வளவு வேகமாக இறங்காது. கடன் வாங்கித் தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லக்கூடியது, கமராவில் ஒரு படி குறைத்து அந்தப் பணத்தை லென்சில் போடு என்பதே. ஜப்பானில் இருந்து பாவித்த லென்ஸ் தருவிப்பவர்கள் விளம்பர விலையோடு இறக்குமதித் தீர்வையையும் பெறுமதி சேர் வரியையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பற்றுச்சீட்டையும் லென்சின் தொடர் இலக்கத்தையும் பத்திரப்படுத்தினால் காப்புறுதிக்கும் வரிக்கணக்குக்கும் மறுவிற்பனைக்கும் உதவும்.

வாங்க முன்னர் கேட்க வேண்டியவை

1. லென்சின் மவுண்ட் தூரம் கமராவின் தூரத்தைவிடப் பெரிதா? சிறிதானால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

2. அபேர்ச்சர் வளையம் உண்டா? இல்லையென்றால் நெம்புகோலா, மின்சாரமா?

3. ஓட்டோபோக்கஸ் தேவையா? தேவையென்றால் மோட்டர் லென்சுக்குள் இருக்கிறதா, கமராவுக்குள்ளா?

4. பட வட்டம் எமது சென்சரை மூடுமா?

5. அகலக் கோணமா? அப்படியானால் அதே கமராவில் எடுத்த படத்தின் மூலைகளைப் பார்த்தோமா?

6. அடப்டரின் விலையையும் சேர்த்தால், கமராவுக்கே உரிய லென்சைவிட உண்மையில் மலிவா?

இவற்றோடு, இயன்றவரை கமராவைக் கடைக்கே கொண்டுபோய்ப் பூட்டிப் பாருங்கள். தூரத்தில் உள்ள கட்டடம் ஒன்றையும் கிட்ட உள்ள முகம் ஒன்றையும் முழு அபேர்ச்சரில் எடுத்து, பெருப்பித்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை. நேரில் பார்க்க முடியாத இடத்தில் இருந்து வாங்கினால், திருப்பிக் கொடுக்கும் உரிமையும் கால எல்லையும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நாட்களுக்குள்ளேயே இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள்.